பேய் நோம்பி அரசாணிக்காய்

பக்கத்துத் தோட்டத்து ராமாயி அரசாணிக்காயைத் தலையில் சுமந்துகொண்டு வந்தபோது, அமுதவல்லி வாசலில் சாக்கு விரித்துத் தயாராக இருந்தாள். சாக்கின்மேல் கத்தி, கரண்டி, சாக்பீஸ், பழந்துணி எல்லாம் வரிசையாக இருந்தன. எந்த வேலையையும் பாதியில் எழுந்துபோய்ப் பொருள் தேடாமல் செய்து முடிக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அப்படித் தொடங்கினாலும் வேலை கோணிப்போகும் என்பது அவள் அனுபவம்.

"இந்தா கண்ணு, காட்டுல இருந்ததுலயே உருண்டையானது இதுதான். மத்ததெல்லாம் சம்மணம் போட்டு ஒக்காந்தாப்பல தட்டையாக் கெடக்குது" என்று ராமாயி காயை இறக்கினாள். பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் மற்ற ஊர்களில் சொல்வதைத் திருச்செங்கோட்டுப் பக்கம் அரசாணிக்காய் என்பார்கள். "ஆமா, எதுக்கு முழுசாக் கேட்ட? பொரியலுக்கு ஒரு கீத்துப் போதாதா?"

"பொரியலுக்கு இல்லைங்கக்கா. பாப்பா பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. இதுல கண்ணு, மூக்கு, வாயெல்லாம் வெட்டி, உள்ள வெளக்கு வெக்கோணுமாம். நாளைக்குப் பேய் வேசமெல்லாம் போட்டு, ஹாலோவீன்னு கொண்டாடறாங்க. வெளிநாட்டு வழக்கம்."

"பேய் நோம்பியா!" ராமாயி மோவாயில் கை வைத்தாள். திருவிழா எதுவானாலும் அவளுக்கு நோம்பிதான். "நம்மூருல பேய் வந்தா ஓட்டறதுக்குப் பூசாரியக் கூப்புடுவோம். அங்க நோம்பி சாட்டி வரச்சொல்லுவாங்களாக்கும்!"

மகள் அபிநயா கலகலவென்று சிரித்தாள். ஆறு வயது. வீட்டில் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. கோழியோடு பேசுவாள், குழாயோடு பேசுவாள், தூங்கும்போதும் பேசுவாள். ஆனால் பள்ளிக்கூட வேன் கதவு திறந்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்திலிருந்து இந்த அக்டோபர் வரை அங்கே ஒரு சொல் பேசியதில்லை. பெயர் கேட்டால் ஷூவைப் பார்ப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் தவித்துக்கொண்டே இருப்பாள். அரையாண்டுக்குள் வாய் திறக்காவிட்டால் மறுபடியும் யூ.கே.ஜி.யில் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் பிரின்சிபால் மேடம் சொல்லியிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் பிரின்சிபால் ஆங்கிலத்தில் பேசியதில் பாதிதான் அமுதவல்லிக்கு விளங்கியது. மகளுக்குப் பேச்சு வராததற்குத் தன் ஆங்கிலம்தான் காரணமோ என்று ஒரு சந்தேகம் அன்றைக்கு உள்ளே புகுந்துகொண்டது. மறுவாரமே மெடிக்கல் ஷாப் மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கற்றுக்கொண்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அது தப்பாகத் தெரியும்.

வகுப்பாசிரியை வித்யா மிஸ் நல்லவள். ஹாலோவீனுக்கு யார் பூசணி விளக்கு கொண்டுவருவீர்கள் என்று கேட்டபோது அபிநயா கையைத் தூக்கினாளாம். பேச்சில்லை, கை மட்டும்தான். அன்று சாயங்காலமே வித்யா மிஸ் ஃபோன் செய்துவிட்டாள். "இத விடக்கூடாதுங்க. மேடையில விளக்க வெச்சுட்டு ஒரே ஒரு சென்டென்ஸ் சொல்லட்டும். மேடம் முன்னாடி சொல்லிட்டான்னா அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வாக்கியம்: "மை ஃபாதர் அண்ட் ஐ மேட் திஸ் லேன்டர்ன்." பத்து நாளாக வீட்டில் அதுதான் பாட்டு. கோழிகளுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

வாக்கியத்தில் இருந்த ஃபாதர், நந்தகுமார், பின்கட்டிலிருந்து ஆக்சா பிளேடோடு வந்தான். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். ஐந்நூறு அடிக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுவான். அன்று பொழுதோடு அவன் வண்டி மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறது. இனிப் பங்குனியில்தான் வருவான். மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டது அப்பனும் மகளும் சேர்ந்து உட்காரத் தோதாகப் போயிற்று.

"மொதல்ல நீங்கதான் கத்தி வெக்கோணும்" என்றாள் அமுதவல்லி. முழு அரசாணியைப் பெண்கள் முதலில் வெட்டுவது இந்தப் பக்கம் வழக்கமில்லை. ஆண் ஒருவன் கத்தி வைத்துக் கொடுத்த பிறகுதான் பெண்கள் தொடுவார்கள்.

"ஏம்ப்பா அம்மா வெட்டக்கூடாது?" என்றாள் அபிநயா.

"முழுக் காய்னா பொம்பளைங்க மொதல்ல வெட்டக்கூடாது சாமி. ஊட்டுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க." அவன் காயின்மேல் குனிந்தான். "சரி, நேரா வெட்டீருவமா? மொதல்ல பாயிண்ட் பாக்கோணுமில்ல." தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் நிறுத்தி, நிலத்தில் நீரோட்டம் பார்ப்பவர்போல் காயைச் சுற்றிச் சுற்றி வந்தான். தேங்காய் சாய்ந்தது. "இங்க போடறோம்! தண்ணி நிச்சயம்!"

"அப்பா, தண்ணி வேண்டாம். மூஞ்சிதான் வேணும்."

"மூஞ்சியா? மூஞ்சி எத்தனை அடியிலம்மா இருக்குது?"

"மிஸ் காட்டுன படத்துல ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு. இது பாதி பச்சையா இருக்குதுப்பா."

"அது வெளிநாட்டுப் பேய். இது நம்மூருப் பேய், காயாத்தான் இருக்கும்."

மேலே வட்டமாக அறுத்துக் காம்போடு மூடியை எடுத்தார்கள். அமுதவல்லி கரண்டியால் உள்சதையைச் சுரண்டி, விதையைத் தனியாக முறத்தில் போட்டாள். தோல் கல்லாக இருந்தது. நந்தகுமார் ஆணியால் துளையிட்டு, பிளேடை நுழைத்து, இழுத்து இழுத்து அறுத்தான். இரண்டு முக்கோணக் கண்கள் வந்தன. இடது கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வாய்க்குப் பல் வைக்கப்போய் ஒரு பல் உடைந்தது. "உன்ற மாதிரியே பல்லு உழுந்த பேய்டி" என்றான் அப்பன். அபிநயா தன் ஓட்டைப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அமுதவல்லி படமெடுத்து வித்யா மிஸ்ஸுக்கு அனுப்பினாள். உடனே நாலு இதயம் வந்தது. நாளை எல்லாம் சரியாக நடக்கும் என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றிற்று.

நந்தகுமார் பையை எடுத்துக்கொண்டு ரிக் வண்டி நிற்கும் காட்டுக்குப் போனான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். வண்டிக்குப் பூசை போடும்போது இருவரும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

விளக்கை ஈரத்துணி சுற்றிக் கூடைக்கு அடியில் கவிழ்த்து வைத்தால் நாளைவரை வாடாது. வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். அவள் துணியை நனைத்துக்கொண்டு வரும்போது அபிநயா சொன்னாள்: "ஒருக்காப் பத்தவெச்சுப் பாக்கலாம்மா. நாளைக்கு எல்லாரு முன்னாடியும் எரியலீன்னா?"

அமுதவல்லியின் கவலையும் அதேதான். சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் வெளியே கொண்டுபோவதில்லை.

அகல் விளக்கை உள்ளே வைத்தாள். மூடி போட்டதும் அணைந்தது. மூடியைச் சாய்த்து வைத்தாள். மழைக்காற்று அணைத்தது. ஃபோன் டார்ச்சை வைத்தால் பேய்க்குக் காமாலை தெளிந்ததுபோல் வெள்ளையடித்தது. வீட்டில் மெழுகுவத்தி இல்லை. சாமி அலமாரியில் சூடம் இருந்தது. ஒரு கட்டியை அகலில் வைத்துப் பற்ற வைத்தாள். நின்று எரிந்தது. காற்றுக்கும் அசையவில்லை. கண்ணும் வாயும் தங்கமாக மின்ன, அபிநயா அதன் எதிரே நின்று, ஒரு தடவைகூடத் தடுக்காமல், "மை ஃபாதர் அண்ட் ஐ மேட் திஸ் லேன்டர்ன்" என்றாள்.

வாசற்படியில் வைத்துப் பார்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியதால் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மேகம் கவிந்து நேரத்திலேயே இருட்டிக்கொண்டு வந்தது. சூடம் தீரத் தீர இன்னொரு கட்டி போட்டாள்.

அப்போதுதான் பைக் சத்தம் கேட்டது. ரிக் வண்டியின் மேனேஜர் தனசேகர் ஓட்ட, பின்னால் நந்தகுமார் இருந்தான். இருவர் காலிலும் செம்மண் சேறு. இறங்கிய நந்தகுமார் மனைவியைப் பார்க்கவில்லை. நேராக அந்த விளக்கைத்தான் பார்த்தான்.

"பாரு நந்து, சூடமே ஏத்தி வெச்சிருக்குது!" என்றான் தனசேகர். "தங்கச்சி, இது யாருக்குச் சுத்துனது?"

"யாருக்கும் இல்லைங்ணா. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு. எரியுதான்னு பாத்தேன்."

"எரியுதான்னு பாத்தயா! பூசணியத் தொளை போட்டு, மூஞ்சி வெட்டி, வாசப்படியில சூடம் ஏத்தி, எரியுதான்னு பாத்தயா? இனி இத மறுபடி ஊட்டுக்குள்ள கொண்டுபோக முடியுமா, சொல்லு?"

அவளுக்குச் சுருக்கென்றது. பூசணிக்காயில் சூடம் ஏற்றினால் அது திருஷ்டிக் காய். சுற்றி முச்சந்தியில் உடைக்க வேண்டியது. வீட்டுக்குள் வைக்கக்கூடாது. இது பிறந்ததிலிருந்து தெரியும். விளக்கு, விளக்கு என்று பத்து நாளாகச் சொல்லிச் சொல்லி, தெரிந்ததே மறந்துபோயிருந்தது.

நடந்ததை நந்தகுமார் சொன்னான். வண்டிக்குச் சுற்ற வைத்திருந்த வெள்ளைப் பூசணியைத் தூக்கி வந்த பையன் சேற்றில் வழுக்கிவிட்டான். முன் சக்கரத்துக்கு நேராக விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. சுற்றுவதற்கு முன்பே உடைந்த காய். டிரைவர் மாதேஸ்வரன் சாவியைக் கழற்றிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"டவுனுக்குப் போய் வேற வாங்கியாரலாமுங்கள்ள?" என்றாள் அமுதவல்லி.

"போயிட்டு வர்றதுக்குள்ள ஆறு மணி ஆயிரும்" என்றான் தனசேகர். "ஆறுக்கு மேல அஷ்டமி பொறக்குது. அதுக்குள்ள வண்டி நகரோணும். நாளைக்குன்னா வெள்ளிக்கிழமை, மொதலாளி வண்டிய வெளிய உடமாட்டாரு."

"எலுமிச்சம்பழம் இருக்குதுங்ணா. எத்தனை வேணுமோ தாரேன்."

"நான் சொல்லிப் பாக்காமயா? பூசணி உழுந்ததுக்குப் பூசணிதான் ஈடுங்கறாரு மாதேசண்ணன்."

"இது மஞ்சளுங்களே."

"வெள்ளையோ மஞ்சளோ, கொடியில காச்சதுதான?"

அபிநயா எப்போது விளக்கைத் தூக்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. உள்ளே சூடம் அணைந்து புகைந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் காயை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள். முகத்தில் பாதியைக் காய் மறைத்தது.

நந்தகுமார் மனைவியைத் தனியே கூப்பிட்டுப் பேசவில்லை. அங்கேயே தாழ்ந்த குரலில் சொன்னான்: "அமுதா, போன தடவை நாகபுரி ரோட்டுல சின்னான் வண்டிக்கடியில கெடந்தத நான் கண்ணுல பாத்தவன்."

சின்னான் நாலு வீடு தள்ளி இருப்பவன். இப்போது கட்டைக்கால் வைத்து நடக்கிறான். தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது அமுதவல்லி அவனைப் பார்க்கிறாள்.

வேண்டாம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுப் பங்குனிவரை ஒவ்வொரு ராத்திரியும் ஃபோன் மணி அடிக்கும்போது எந்தக் கையால் எடுப்பது? இதில் அவளுக்கு முழு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. இல்லை என்று ஆணையிட்டுச் சொல்லும் தைரியமும் இல்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நந்தகுமார் மகள்முன் குத்துக்காலிட்டான். "சாமி, அப்பனுக்குக் குடு. வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்."

"நீங்க நாளைக்கு இருக்கமாட்டீங்க" என்றாள் அபிநயா. "அம்மா மொதல்ல வெட்டக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

நந்தகுமார் மெல்லக் கையை நீட்டிக் காயைப் பிடித்தான். அவள் இழுக்கவில்லை, அழவில்லை. கையை மட்டும் விட்டாள்.

ரிக் வண்டிக்கு மாலை போட்டு, பட்டையாக விபூதி பூசியிருந்தது. மாதேஸ்வரன் எழுந்து வந்து காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, இதென்ன இளிக்குது?"

"பாப்பா பண்ணுனதுங்ணா" என்றான் நந்தகுமார்.

"அப்ப நல்லதுதான். பச்சப்புள்ள கைபட்டது."

முறைப்படி காய்க்குள் குங்குமம் கொட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரையும் ஊற்றினார்கள். முழுக் காயென்றால் உள்ளேயே நின்றிருக்கும். இதில் இரண்டு கண்களிலிருந்தும் ஒழுகியது. வாயிலிருந்து, உடைந்த பல்லின் சந்து வழியாக, சிவப்பாகக் கொட்டியது. பீகார்ப் பையன் ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான். மூடிமேல் சூடம் ஏற்றி, சிவப்பு சொட்டச் சொட்ட, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினான் நந்தகுமார். முன்னால் வந்து, தலைக்குமேல் தூக்கி, ஓங்கி அடித்தான்.

சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறின. ஹாரன் நீளமாக அடித்தது. கேபினிலிருந்து ஒரு கை ஆடியது. அமுதவல்லியும் கையை ஆட்டினாள். திரும்பினால் பக்கத்தில் மகளைக் காணோம்.

சிதறிக் கிடந்த துண்டுகளுக்கு நடுவே அபிநயா குனிந்துகொண்டிருந்தாள். பெரிதாகிப்போன அந்த இடது கண், முக்கோணம் கெடாமல் ஒரு துண்டில் அப்படியே இருந்தது. அவள் விரல் அதைத் தொடப்போனது.

அமுதவல்லி ஓடிப்போய் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "தொடக்கூடாது! திஷ்டி கழிச்சதத் தொடக்கூடாது!"

"அப்பா வெட்டுன கண்ணும்மா."

"தெரியும் சாமி. தொடக்கூடாது."

ராமாயியிடம் போய் இன்னொரு காய் கேட்டாள். மிச்சக் காய்களை மத்தியானமே சந்தை வண்டியில் ஏற்றியாயிற்று, கொடியில் பிஞ்சுதான் இருக்கிறது என்றாள். வித்யா மிஸ்ஸுக்கு நடந்ததை எழுதலாமென்று ஃபோனை எடுத்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் எழுதினால் மரியாதையாக இருக்கும். நேற்று மாலை என்பது வரை எழுதினாள். இன்று நடந்ததை ஏன் நேற்று என்று எழுதுகிறோம் என்று அழித்தாள். திருஷ்டிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கணவனே உடைத்தான் என்று எழுதிப் பார்த்தபோது வேறு மாதிரி அர்த்தம் வந்தது. கடைசியில் எதையும் அனுப்பவில்லை.

காலையில் மகளை அவளே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் கறுப்பு அங்கி போட்ட குழந்தைகள் ஒன்றையொன்று பயமுறுத்திக்கொண்டிருந்தன. வரவேற்க நின்ற பிரின்சிபாலுக்குப் பக்கத்திலிருந்து வித்யா மிஸ் சிரித்தபடி வந்தாள்.

"அபிநயா! வேர் இஸ் யுவர் லேன்டர்ன்?"

"மிஸ்... லாஸ்ட் ஈவ்னிங்..." என்று அமுதவல்லி தொடங்கினாள். திருஷ்டிக்கு ஆங்கிலச் சொல் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்கப்பா வண்டிக்குச் சுத்தி ஒடைச்சுப்போட்டாங்க மிஸ். கண்ணுலயெல்லாம் செவப்பா வந்துச்சு."

தெளிவான, வீட்டுக் குரல். வித்யா மிஸ்ஸின் கண்கள் விரிந்தன. சட்டென்று பிரின்சிபால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரும்பி, சந்தோஷத்திலும் பதற்றத்திலும், நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாயால், "இன் இங்கிலீஷ், அபி! ஸே இட் இன் இங்கிலீஷ்!" என்றுவிட்டாள்.

சொன்ன மறுகணமே அவள் கை வாய்க்குப் போனது. முட்டி போட்டு உட்கார்ந்தாள். "இல்ல கண்ணு. தமிழ்லயே சொல்லு. என்ன ஆச்சு? செவப்பா என்ன வந்துச்சு?"

அபிநயா ஷூவைப் பார்த்தாள்.

அன்று பொழுதோடு வேனிலிருந்து இறங்கியவளின் சாப்பாட்டு டப்பாவை அமுதவல்லி திறந்தாள். சுரண்டியெடுத்த சதையில் செய்த அரசாணிப் பொரியல், வைத்தது வைத்தபடி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஃபோன் அடித்தது.

"அனந்தபூர் தாண்டியாச்சு" என்றான் நந்தகுமார். பின்னால் இன்ஜின் இரைந்தது. "வண்டி பூவாட்டம் போகுது. மாதேசண்ணன் பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டறாரு. பாப்பா பேசுனாளா?"

"பேசுனா" என்றாள் அமுதவல்லி.

"அட! மேடம் முன்னாடியா? என்ன பேசுனா?"

"உங்களப் பத்தித்தான்."

அந்தப் பக்கம் அவன் யாரிடமோ சத்தமாகச் சொல்லிச் சிரிப்பது கேட்டது. "குடு, குடு, அவகிட்டக் குடு."

அபிநயா படியில் உட்கார்ந்திருந்தாள். முறத்தில் காய்ந்துகொண்டிருந்த விதைகளைக் கோழி கொத்தியது. அவள் விரட்டவில்லை. அமுதவல்லி ஃபோனை அவள் காதில் வைத்தாள்.

"பாப்பா! சாமி! என்ன சொன்ன மேடையில? அப்பனுக்கு ஒருக்காச் சொல்லு."

அபிநயா ஃபோனைக் கையில் வாங்கிக்கொண்டாள். காதோடு அழுத்திப் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

"பாப்பா? அலோ? கேக்குதா கண்ணு? அலோ..." குரல் காத்திருந்தது. "அமுதா! லைன் கட்டாயிப்போச்சா?"

அமுதவல்லி குனிந்து, மகள் கையிலிருந்த ஃபோனுக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

"டவர் கெடைக்கலைங்க போல" என்றாள்.